மெசினில் விழாத செய்தி

பலேர்மோவில் நான் பிழையில்லாமல் பேசிய முதல் இத்தாலிய வசனத்தை ஒரு மெசின்தான் கேட்டது. மனிதர் யாராவது கேட்டிருந்தால் பிழை விட்டிருப்பேன்.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி அது. போர்கோ வெக்கியோச் சந்தைக்குப் பின்னால் ஒரு மூன்றாம் மாடி வீட்டில், தனியாக இருந்த ஒரு கிழவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. துறைமுகத்தில் கப்பல் டிக்கெட் விற்றே காலத்தைக் கழித்தவர். மனைவி இறந்துவிட்டாள். ஒரே மகள் ஜெனோவாவில். அவள்தான் என்னை வேலைக்கு வைத்தவள். காலையில் போனால் பொழுதுபட்டுத்தான் வீடு திரும்புவாள். பகலில் அவள் வீட்டுத் தொலைபேசியை எடுப்பது ஆன்சரிங் மெசின்.

ஒவ்வொரு நாளும் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு அந்த மெசினுக்கு நான் செய்தி சொல்ல வேண்டும். அப்பா என்ன சாப்பிட்டார், மருந்து குடித்தாரா, நித்திரை கொண்டாரா, எல்லாம். நான் வேலைக்கு வந்த அன்று அவளும் ஜெனோவாவிலிருந்து வந்திருந்தாள், எப்படிச் சொல்வதென்று அன்றே குசினியில் நின்று சொல்லித் தந்தாள். சொல்வதை முதலிலேயே யோசித்து வைக்க வேண்டும். பீப் கேட்ட பிறகுதான் தொடங்க வேண்டும். முதலில் வணக்கம், பிறகு பெயர், பிறகு விஷயம், கடைசியில் நன்றி. மெல்லப் பேச வேண்டும், ஆனால் நீட்டக்கூடாது, டேப் சின்னது. இவ்வளவும் ஒரு டேப்புக்கு வேண்டுமா என்று எனக்கு எரிச்சல் வந்தது. தலையை ஆட்டினேன்.

இதில் வருகிற இத்தாலியர்கள் கதைத்தது இத்தாலியனும் சிசிலியனும். இத்தனை வருடம் கழித்தும் அவை என் காதுக்குள் யாழ்ப்பாணத் தமிழாகவே கிடக்கின்றன. அப்படியே எழுதுகிறேன்.

முதல் நாள் அவளுக்குப் போன் எடுத்தபோது, தான் வீட்டில் இல்லை என்று மகளின் குரல் சொன்னது. ஒருவர் பேசிக்கொண்டிருக்கும்போது குறுக்கே விழுவது மரியாதையில்லை. முழுவதையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சரி சிஞ்ஞோரா, பிறகு எடுக்கிறன்" என்று சொல்லி வைத்துவிட்டேன். இரவு அவள் எடுத்துச் சிரித்த சிரிப்பு கிழவருக்கும் கேட்டது. அவர் ஒரு கிழமைக்கு அதைச் சொல்லிச் சொல்லி என் உயிரை வாங்கினார்.

பிறகு பழகிவிட்டது. பழகியதோடு நிற்கவில்லை, பேரும் எடுத்துவிட்டேன். வியாழன் பின்னேரமும் ஞாயிறும் வீட்டு வேலைக்காரருக்கு ஓய்வு. அந்த நேரங்களில் ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்கு முன்னால் எங்கள் சனம் கூடும். அங்கே தொலைபேசிப் பூத்துகள் வரிசையாக இருக்கும். நாட்டில் தங்குவதற்கான பெர்மெசோ விஷயமாக வக்கீலுக்கு, வீட்டுக்காரிக்கு, வேலை தருவதாகச் சொன்ன சிஞ்ஞோராவுக்கு என்று எடுப்பார்கள். மெசின் பேசத் தொடங்கியதும் பாம்பைத் தொட்டவர்கள் மாதிரி ரிசீவரைக் கீழே வைப்பார்கள். நாரந்தனைப் பக்கத்து மனுசி ஒருத்தி "நான்தான் கதைக்கிறன்" என்று தொடங்கி "நான்தான் கதைச்சனான்" என்று முடித்துவிட்டு, வக்கீல் ஏன் இன்னும் திருப்பி எடுக்கவில்லை என்று திட்டிக்கொண்டு நின்றாள். இன்னொருவர் வக்கீலின் சுகம், பெண்சாதியின் சுகம், பிள்ளைகளின் படிப்பு எல்லாம் விசாரித்து முடிக்க டேப் முடிந்துவிட்டது. சொல்ல வந்த காரியம் வாயில் இருந்தபடியே இருந்தது.

கடைசியில் எல்லாரும் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். "அண்ணை, அந்தக் கண்டறியாத மெசினுக்கு ஒருக்கா நீங்கள் கதைச்சு விடுங்கோ." எனக்கு மெசின் அண்ணை என்று பேரே வைத்துவிட்டார்கள். ஆறு நாளும் ஒரு கிழவரைத் தூக்கி, இருத்தி, கழுவி, மூன்று மாடி ஏறி இறங்கிவிட்டு, ஓய்வு நாளில் பூத்துக்குள் நின்று மற்றவர்களுடைய கரைச்சலை மெல்லவும் தெளிவாகவும் சொல்லிக்கொண்டிருந்தேன். நிலையத்துக்குப் பின்னால் எனக்கும் மனைவிக்கும் ஓர் அறை இருந்தது, ஆனால் வேலை நாட்களில் நான் கிழவர் வீட்டில்தான் படுப்பேன். அவள் நாலு வீடு கூட்டித் துடைக்கிறவள். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்கும் அந்தக் கொஞ்ச நேரத்தையும் சனம் தின்றுவிட்டது என்று அவளுக்குக் கோபம். அவள் சொன்னதில் நியாயம் இருந்தது. எனக்கு அதை ஒத்துக்கொள்ளவும் களைப்பாக இருந்தது.

அந்த மாரியில் கிழவருக்குக் கால் வீங்கியது. பிறகு மூச்சு இழுத்தது. படுக்கையை முன்னறைக்கு மாற்றி, தலையணைகளை அடுக்கி இருந்தபடியே தூங்க வைத்தேன். தூக்கி உயர்த்தினால் அவருக்குத் துறைமுகத்துக் கிரேன்கள் தெரியும். கண் மங்கல்தான். காது மட்டும் பாம்புக் காது. எந்தக் கப்பல் ஊதுகிறது என்று படுத்தபடி சொல்வார். இது நேப்பிள்ஸ், இது சார்டீனியா, இது ஜெனோவா. ஜெனோவாக் கப்பல் ஊதினால் மட்டும் கொஞ்சம் பேசாமல் இருப்பார். மகள் ஆகஸ்டிலும் டிசம்பரில் நத்தாருக்கும் அந்தக் கப்பலில்தான் வருவாள். அந்த நத்தாருக்கு அவள் வரவில்லை, வேலை விடவில்லை.

அவர் கேட்டதெல்லாம் ஒன்றுதான். அவளை ஒருதரம் பார்க்க வேண்டும். அதையும் மகளிடம் கேட்கமாட்டார். இரவு அவள் எடுத்தால், தொலைபேசியை நீளக் கம்பியோடு கட்டிலடிக்குக் கொண்டுபோவேன். சுகம்தான், நீ வேலையைப் பார் என்று சொல்லி ரிசீவரை என்னிடம் தந்துவிட்டு, சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்து, அவள் வருவதாக ஏதும் சொன்னாளா என்று என்னிடம் கேட்பார்.

டாக்டர் ஒரு காலை வந்து பார்த்தார். கிழவரிடம், நெஞ்சில் கொஞ்சம் சளி, குளிர் போனால் சரியாகிவிடும் என்றார். என்னை வெளிவாசலுக்கு அப்பால் படிக்கட்டுக்குக் கூட்டிப்போய், இதயம் ஓய்ந்துகொண்டு வருகிறது, அதிகம் போனால் ஒரு கிழமை, மகளைக் கூப்பிடு என்றார். கிழவருக்குத் தெரியக்கூடாது என்றும் சொன்னார்.

தொலைபேசி முன்னறைக்கு வெளியே நடையில் இருந்தது. முன்னறைக் கதவைச் சாத்த அவர் விடமாட்டார். நான் மத்தியானம் மெசினுக்கு எடுத்தேன். வணக்கம் சொன்னேன், பெயர் சொன்னேன். அப்பா கொஞ்சம் பலவீனமாக இருக்கிறார், டாக்டர் வந்து பார்த்துவிட்டுப் போனார், நீங்கள் ஒன்றுக்கும் யோசிக்க வேண்டாம், நேரம் கிடைத்தால் ஒருக்கால் வந்து பார்த்துவிட்டுப் போங்கள். நன்றி, சிஞ்ஞோரா.

எங்கள் ஊரில் இதற்கு மேல் தெளிவாக ஒருவர் சொல்ல முடியாது. என்னைப் பெற்ற ஐயா போனபோது, அண்ணர் யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்கு வந்து, பலேர்மோவில் நான் காத்துநின்ற பூத்துக்கு எடுத்தார். "ஐயாவுக்குக் கொஞ்சம் ஏலாமல் கிடக்கு. நீ ஒண்டுக்கும் யோசிக்காதை" என்றார். நான் பூத்துக்குள்ளேயே குந்திவிட்டேன். அழுகிற என்னை வெளியே நின்ற ஆட்கள்தான் தூக்கி எடுத்தார்கள். ஐயா செத்துவிட்டார் என்று அண்ணர் வாயால் இன்றுவரை எனக்குச் சொன்னதில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை. வந்து பார்த்துவிட்டுப் போ என்று எங்களில் ஒருவர் சொன்னால், கேட்டவர் உடுத்த உடுப்போடு ஓடுவார்.

இரவு மகள் எடுத்தாள். நான் அந்தரப்பட்டு ஓடிப்போய் ரிசீவரைத் தூக்கினேன். என் செய்தி மிகவும் தெளிவாக இருந்தது என்று பாராட்டினாள். மரியாதையாகவும் இருந்ததாம். கேட்ட பிறகு தனக்கு மனம் ஆறுதலாகிவிட்டது என்றாள். மாதக் கடைசியில் லீவு கிடைக்கும், கப்பலில் வருகிறேன், அப்பாவுக்கு ஒரு கம்பளிச் சட்டை வாங்கி வைத்திருக்கிறேன் என்றாள். அறைக்குள் கிழவர் மூச்சை அடக்கிக் கேட்டுக்கொண்டிருப்பது எனக்குத் தெரிந்தது. சரி சிஞ்ஞோரா என்று வைத்துவிட்டேன். மாதக் கடைசியில் வருகிறாள் என்று அவரிடம் சொன்னேன். அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு, அது பிந்திவிடும் என்று மட்டும் சொன்னார்.

எனக்கு அவள்மேல் கோபம் கோபமாக வந்தது. படித்தவள், இது விளங்கவில்லையா? டாக்டர் வந்தார் என்றேன், பார்த்துவிட்டுப் போங்கள் என்றேன். இன்னும் என்ன சொல்ல? அடுத்த நாட்களிலும் அதையேதான் மெசினுக்குச் சொன்னேன். ஒவ்வொரு நாளும் இன்னும் கொஞ்சம் மரியாதையாக. அவளும் ஒவ்வொரு இரவும் நன்றி சொன்னாள்.

வியாழக்கிழமை நான் ஓய்வுக்குப் போகவில்லை. மனைவி சோறும் கத்தரிக்காய்க் கறியும் கட்டிக்கொண்டு அந்த வீட்டுக்கே வந்தாள். கிழவர் காலையில் ஊசி போட்டபின் கண்ணை மூடிக்கிடந்தார். இன்றிரவோ நாளையோ என்று டாக்டர் சொல்லிவிட்டுப் போயிருந்தார். குசினியில் இருந்து நான் சாப்பிட, அவள் முழு விஷயத்தையும் கேட்டாள். நான் மெசினுக்குச் சொன்னதைச் சொல்லிக் காட்டினேன்.

"உங்களுக்கு விசரே?" என்றாள். "எங்கடை சனத்துக்குச் சொல்லுற மாதிரி அவைக்குச் சொன்னால் என்னெண்டு விளங்கும்? யோசிக்காதை எண்டால் யோசிக்காமல் இருக்கிற ஆக்கள் அவை."

அப்படியென்றால் என்னதான் சொல்வது என்று கேட்டேன்.

"சாகப்போறார், வாங்கோ எண்டு சொல்லுங்கோ."

உயிரோடு கிடக்கிற ஒரு மனிதரைப் பற்றி, அதுவும் பெற்ற பிள்ளைக்கு, எனக்கு வாய் வராது என்றேன். அவள் எழும்பிக் கையைத் துடைத்துக்கொண்டு, அப்படியென்றால் தான் சொல்வதாக நடைக்குப் போகப் பார்த்தாள். அவளுடைய இத்தாலியன் சந்தையில் மீன் வாங்கக் காணும். ஜெனோவாவுக்கு அது காணாது. நான் கை கழுவிவிட்டுப் போனேன்.

எண்ணைச் சுழற்றினேன். மகளின் குரல் முழுக்கப் பேசி முடிந்தது. பீப் கேட்டது. டேப் சும்மா ஓடுவது எனக்குக் கேட்டது.

"சிஞ்ஞோரா, உங்கடை அப்பா சாகப்போறார். இண்டைக்கே வெளிக்கிடுங்கோ."

வைத்துவிட்டேன். மனைவி என் முதுகில் கையை வைத்துக்கொண்டு நின்றாள். அப்போது அறைக்குள்ளிருந்து குரல் வந்தது.

"ஆரோடை கதைச்சனி?"

எனக்கு உயிர் போய்விட்டது. உள்ளே போனேன். கண்ணைத் திறந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். உங்கள் மகளோடு என்றேன். எடுத்தாளா என்றார். இல்லை, மெசின் என்றேன்.

"பேர் சொன்னனியோ?"

"இல்லை."

"நன்றி சொன்னனியோ?"

"இல்லை."

"அப்ப சரி. அவளுக்கு விளங்கும்."

அவர் கோபிக்கவில்லை. அழவுமில்லை. நெஞ்சுச் சளி என்று எல்லாரும் சொன்ன பொய்யைச் சுமந்து அவரும் அலுத்துப்போய்விட்டார் போல. எனக்குத்தான் கண் முட்டியது. தண்ணீர் கேட்டார், கரண்டியால் பருக்கினேன். பிறகு கொஞ்ச நேரம் ஏதோ கணக்குப் பார்க்கிறவர் மாதிரிக் கிடந்தார்.

"திரும்ப எடு" என்றார். "அவள் பிளேனிலை வெளிக்கிடுவாள். சின்னனிலையிருந்து அவளுக்குப் பிளேன் எண்டால் உயிர் போற பயம். தனியச் செத்துச் செத்து வருவாள். இரவுக் கப்பலிலை வரச் சொல்லு. ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாமெண்டு சொல்லு."

கபின் எடுத்துப் படுக்கட்டும், கடல் நல்லாக இருக்கும் என்றும் சொல்லச் சொன்னார். அவள் வரும்வரை தான் பார்த்துக்கொண்டிருப்பதாகவும் சொல்லச் சொன்னார்.

அன்றிரவு ஜெனோவாவில் வெளிக்கிடும் கப்பல் மறுநாள் பொழுதுபடத்தான் பலேர்மோவுக்கு வரும். அது எனக்குத் தெரியும். வாழ்நாள் முழுக்க அந்தக் கப்பலுக்கு டிக்கெட் விற்றவருக்குத் தெரியாதா? தெரிந்துதான் சொன்னார். என் அண்ணர் சொன்ன அதே சொல், யோசிக்காதை. அதை ஒரு சிசிலியக் கிழவரின் வாயில் கேட்டபோது எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்தே வந்தன. அவளைப் பார்க்க வேண்டுமென்றுதானே இவ்வளவு நாளும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தார்.

நடைக்குப் போனேன். ரிசீவரை எடுத்தேன். லைன் போகாதபடி இடது கை விரலால் தொலைபேசியின் கொளுக்கியை அமத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையால் எண்ணைச் சுழற்றினேன். சுழலும் சத்தம் அவருக்குக் கேட்க வேண்டும். மகளின் குரல் பேசி முடிக்கும் அளவுக்குக் காத்துநின்றேன். பிறகு பேசினேன். வணக்கம், பெயர், விஷயம், நன்றி. மெல்ல, தெளிவாக, நீட்டாமல். என் வாழ்நாளில் நான் சொன்ன செய்திகளில் அதுதான் ஆகத் திறமானது. அது அந்த நடையைத் தாண்டி எங்கேயும் போகவில்லை. மனைவி என் விரலைப் பார்த்தாள், குசினிக்குப் போய்விட்டாள்.

உள்ளேயிருந்து கிழவர், நன்றாகச் சொன்னாய் என்றார்.

பொழுதுபட மகள் எடுத்தாள். கிழவர் உண்மையாகவே நித்திரை. நாளை முதல் பிளேனில் வருகிறேன் என்றாள், குரல் உடைந்திருந்தது. அப்பா தன்னைக் கேட்டாரா என்றாள். "ஓம், கேட்டவர்" என்றேன். கப்பல் கதையை நான் எடுக்கவில்லை. நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன்.

அடுத்த நாள் காலை, சந்தைக்காரர் கூவிக்கொண்டிருக்கும்போதே அவள் படியேறி வந்தாள். முகம் வெளிறி, கை விறைத்திருந்தது. கோட்டைக்கூடக் கழற்றாமல் கட்டிலில் இருந்து அவர் கையைப் பிடித்தாள். கிழவர் அவள் முகத்தைத் தடவித் தடவிப் பார்த்தார். மங்கிய கண்ணுக்கு எவ்வளவு தெரிந்ததோ எனக்குத் தெரியாது. பேச அவருக்கு நேரம் எடுத்தது.

"கப்பல் நல்லா வந்துதோ?"

அவள் ஒன்றும் விளங்காமல் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தாள். நான் கட்டிலின் தலைமாட்டுக்குப் பின்னால் நின்றேன். ஓம் என்று தலையை ஆட்டினேன்.

"நல்லா வந்தது அப்பா" என்றாள். "கடல் ஆட்டமே இல்லை."

காலையில் எந்தக் கப்பலும் ஜெனோவாவிலிருந்து வராது. அதை அந்த வீட்டில் அவரைவிட நன்றாக அறிந்தவர் இல்லை. அவர் அவள் கையை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு, இந்த மாதத்தில் கடல் அப்படித்தான் என்றார். அவள் அவருக்குச் சின்ன வயதுக் கதைகள் சொன்னாள், அவர் கேட்டுக்கொண்டிருந்தார். பின்னேரம் மூச்சு நின்றது. அவள் கையை அவர் விடவில்லை, நாங்கள்தான் விரல்களை எடுத்துவிட வேண்டியிருந்தது.

கீழ் வீட்டுப் பெண்கள் வந்து வேண்டியதைச் செய்தார்கள். நான் குசினியில் கோப்பைகளைக் கழுவிக்கொண்டு நின்றேன். இத்தனை நாள் அலுப்பும் ஒன்றாக வந்து தோளில் ஏறியிருந்தது. மகள் வந்து யன்னலடியில் கதிரையில் இருந்தாள். வெளியே இருட்டிக்கொண்டு வந்தது. அப்போது துறைமுகத்தில் கப்பல் ஊதியது. நீளமாக ஒரு ஊதல்.

"ஜெனோவாக் கப்பல்" என்றாள். பிறகு, "ஏன் அப்பா கப்பல் எண்டு கேட்டவர்?" என்றாள்.

சொல்லிவிட்டேன். அவர் திரும்ப எடுக்கச் சொன்னது, நான் கொளுக்கியை அமத்திப் பிடித்தது, எல்லாம். திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டினால் திட்டட்டும். அவள் கதிரையை என் பக்கம் திருப்பினாள்.

"என்ன சொன்னனீங்கள் அதிலை?" என்றாள். "எனக்குச் சொல்லுங்கோ."

நான் கையைத் துடைத்துக்கொண்டு அவளுக்கு முன்னால் நேராக நின்றேன். மாலை வணக்கம் சொன்னேன். என் பெயரைச் சொன்னேன்.

"உங்கடை அப்பா சொல்லச் சொன்னவர். உங்களுக்குப் பிளேன் பயமாம், இரவுக் கப்பலிலை ஆறுதலா வாங்கோ. கபின் எடுத்துப் படுங்கோ. கடல் நல்லாயிருக்குமாம். ஒண்டுக்கும் யோசிக்க வேண்டாமாம். நீங்கள் வருமட்டும் அப்பா பாத்துக்கொண்டிருப்பாராம்."

கடைசியில் நன்றியும் சொன்னேன்.